பானட்டில் வைத்த கை

ஜூன் 1, திங்கள்

என் பெயர் வீரணன். வயது எழுபது. இதை நானே எழுதுகிறேன்.

இந்த மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் பேச்சி உலை வைத்து, அரிசி போட்டு, வடித்தும் விட்டாள்.

ஜூன் 2, செவ்வாய்

முதியோர் கல்வி வகுப்பில் ஜெயராணி டீச்சர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். தினமும் நடந்ததை எழுதிப் பழகச் சொன்னார். இருபத்திரண்டு பேரில் நோட்டை அட்டை போட்டு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் வெற்றிலை மடிக்கக் கிழித்துவிட்டார்கள்.

போடியிலிருந்து மலை ஏறும் ரோட்டில் முப்பத்தெட்டு வருடம் வண்டி ஓட்டினேன். முதலில் லாரி, பிறகு பிக்கப். ஒரு வளைவில் பெரிய மஞ்சள் பலகை உண்டு. அதில் ஏதோ பெரிய விஷயம் எழுதியிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். போன வாரம் பஸ்ஸில் போகும்போது படித்தேன். "ஏறிய கியரிலேயே இறங்கவும்."

இதைச் சொல்ல ஒரு பலகையா? இது தெரியாதவன் அந்த வளைவு வரை எப்படி உயிரோடு வந்தான்? படித்தவர்கள் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறார்கள் என்று எழுபது வருடம் பயந்தேன். ரகசியம் இவ்வளவுதான்.

ஆனாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை படிக்க ஆசையாக இருந்தது.

ஜூன் 4, வியாழன்

இன்று எங்கள் வீட்டு விஷயம் எழுதுகிறேன்.

என் மகள் பேச்சி. அவள் புருஷன் பவுன்ராஜ். இரண்டு பேரும் என்னோடு இருக்கிறார்கள். மாப்பிள்ளை பத்தாவது படித்தவர். பத்து வருடம் மருந்துக்கடையில் நின்றவர். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அதை வைத்துக்கொண்டு தன்னை டிரைவர் என்கிறார்.

போன மாதம் ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். மேல்தோட்டத்துக்குக் காலையில் பதினோரு பெண்களை ஏற்றிப் போக வேண்டும். மதியம் உர மூட்டை. சாயங்காலம் பெண்களைத் திரும்ப இறக்க வேண்டும். ஜூன் மாதம் முழுக்கத் தோட்டத்துக்காரர்கள் பார்ப்பார்கள். சரியாக ஓட்டினால் வருடம் முழுக்க அந்த ஓட்டம் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அப்படி ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூருக்குப் போய்விடுவார்களாம். அங்கே மாப்பிள்ளையின் அண்ணன் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பேச்சி இதைக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

போகட்டும். வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்கும். நான் படிக்கலாம்.

வண்டியைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது நான். எங்கள் டிரைவர்மாரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவன் ஒரு மூத்த டிரைவரைக் கூட்டிப் போவான். அவர் பத்து மைல் ஓட்டுவார். இறங்கி, பானட்டில் கை வைத்து, "எடுக்கலாம்" என்று சொல்வார். அதற்கு மேல் பேச்சு இல்லை. விற்கிறவனும் கேட்க மாட்டான், வாங்குகிறவனும் கேட்க மாட்டான். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் மூத்தவருக்கு அவமானம்.

விற்றவன் என் பழைய கூட்டாளி சுருளியாண்டி. தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல். கிளட்ச் புதிது, பழகிவிடும். அறுபதில் போனால் இஞ்சின் இருப்பதே தெரியவில்லை. இப்படி அமைதியாக ஓடும் பிக்கப்பை நான் பார்த்ததில்லை. டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்கப் பானட்டில் கை வைத்தேன்.

கை வலிக்கிறது. ஒன்றரைப் பக்கம். ஜெயராணி டீச்சர் மயங்கி விழுவார்.

ஜூன் 8, திங்கள்

வண்டி வழியில் நின்றுவிட்டது. இரண்டாம் கியரில் இழுக்கவில்லையாம். மாப்பிள்ளை முதல் கியரிலேயே ஏறினாராம், கிளட்ச் சூடாகிப் புகைந்ததாம், அரைமணி நேரம் ஆறவிட்டாராம்.

மலையில் கியர் மாற்றுவது மாத்திரைப் பட்டையைக் கிழிக்கிற வேலை இல்லை. இஞ்சின் சத்தம் இறங்குவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே மாற்ற வேண்டும். காது வேண்டும். மருந்துக்கடையில் நின்றவருக்குக் காது எதற்கு? சீட்டைப் படித்தால் போதும்.

டீக்கடையில் கேட்டார்கள். இதையேதான் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. லாபம்.

ஜூன் 12, வெள்ளி

இன்று நானும் வண்டியில் போனேன். பேச்சிதான் போகச் சொன்னாள். "குத்தம் சொல்றத வண்டியில உக்காந்து சொல்லுங்கப்பா. டீக்கடையில சொல்லாதீங்க."

பெண்கள் பின்னால். நான் முன்னால். சமதரையில் வண்டி பறந்தது. மலை அடிவாரம் தாண்டியதும் மூன்றாம் கியர் செத்தது. இரண்டாம் கியர் நாலு வண்டி தூரம் இழுத்து மூச்சை விட்டது. மாப்பிள்ளை முதல் கியரில் போட்டு, கிளட்சை அரைக்கால் மிதியில் வைத்து, வளைவு வளைவாகக் கொண்டுபோனார். நெற்றியில் வியர்வை. கருகிய வாடை.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இடது கால் கனம். வலது கால் பயம். கியர் கம்பியை ஆட்டுக்குட்டி காதைப் பிடிப்பது மாதிரி பிடிக்கிறீர்கள் என்றேன். பின்னால் பெண்கள் சிரித்தது கேட்டது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாதி வழியில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வந்ததை எல்லாம் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லவில்லை. நடந்ததைத்தான் எழுதச் சொன்னார்.

ஜூன் 14, ஞாயிறு

வண்டிக்கு விடுமுறை. இரண்டு பேரும் சின்னமனூருக்குக் காதுகுத்துக்குப் போனார்கள். நான் முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கியர்பெட்டி மட்டும் வண்டியை இழுப்பதில்லை. அங்கிருந்து ஒரு நீளத் தண்டு பின் ஆக்சிலுக்குப் போகிறது. அங்கே ஒரு சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. தண்டு எத்தனை சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. மலை வண்டிக்கு ஐந்து. மெதுவாகப் போகும், ஆனால் யானை மாதிரி இழுக்கும். ஐந்துக்குக் கீழே போகப் போகத் தரையில் வேகம் வரும், டீசல் மிஞ்சும், இஞ்சின் அமைதியாக இருக்கும். ஆனால் மலையில் நாக்குத் தள்ளும். அப்படிப்பட்ட வண்டிக்கு எந்தக் கியர் போட்டாலும் ஒரு கியர் தப்பாகத்தான் இருக்கும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். கியரை நியூட்ரலில் விட்டு, பின்னால் ஒரு பக்க டயரை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கு. டயரிலும் தண்டிலும் சாக்பீஸ் கோடு போடு. ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருப்பதால் டயரை இரண்டு சுற்றுச் சுற்று. தண்டில் கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணு.

எண்ணினேன்.

பிறகு மழை வந்தது. ஜாக்கியை இறக்கிவிட்டு, சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஜூன் 15, திங்கள்

டீக்கடையில் ஒருவன், "என்ன பெருசு, நீ கை வச்ச வண்டி மலையில மொனகுதாமே" என்றான்.

வண்டி தங்கம், ஓட்டுகிற ஆள்தான் தகரம் என்றேன். போன வாரத்தைவிட அதிகம் சிரித்தார்கள்.

டீ கசந்தது. கடைக்காரன் தூளை மாற்றிவிட்டான். இந்தக் காலத்து டீயை மாடு குடிக்காது.

ஜூன் 16, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 17, புதன்

இன்றும் இல்லை. பலசரக்குக் கடைப் பலகை படித்தேன். ஒரு பொய்கூட விடாமல் எழுதியிருக்கிறான்.

ஜூன் 19, வெள்ளி

காலையில் வண்டி உருண்டுவிட்டது. யாரும் சாகவில்லை. முதலில் அதை எழுதுகிறேன்.

எனக்குச் சொன்னது மூக்காயி. அந்தப் பதினோரு பேரில் மூத்தவள், பக்கத்துத் தெரு. நல்ல மழை. ஒரு வளைவில் கீழே இறங்கிய பஸ்ஸுக்கு வழிவிட மாப்பிள்ளை நிறுத்தினார். பஸ் போன பிறகு வண்டியை மறுபடி எடுக்க முடியவில்லை. கிளட்ச் வழுக்கியது. இஞ்சின் அணைந்தது. பிரேக் மிதித்தும் ஈர ரோட்டில் வழுக்கி வண்டி பின்னால் உருண்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மாப்பிள்ளை ஸ்டீரிங்கை ஒடித்து, பின்பக்கத்தைப் பாறை ஓரத்து வாய்க்காலில் கொண்டுபோய் இடித்து நிறுத்தினார். செல்வமணி என்கிற பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எல்லோரும் இறங்கி மழையில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம்.

"பள்ளத்துப் பக்கம் ஒரு முழந்தான் இருந்துச்சுண்ணே" என்று மூக்காயி கையை நீட்டிக் காட்டினாள்.

அந்த முழம் இப்போதும் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

ஜூன் 20, சனி

மாப்பிள்ளை வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். பெண்களை வேறு ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் ஓட்டம் கைமாறும்.

"மாமா சொன்னது சரிதான். எனக்குக் காது இல்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பேச்சியிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பேச்சி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். இரண்டு பை. இந்த வீட்டில் மூன்று பேர்.

ஜூன் 21, ஞாயிறு

மூன்றே முக்கால்.

போன ஞாயிறு எண்ணியது இது. தண்டு மூன்றே முக்கால் சுற்றுத்தான் சுற்றியது. ஐந்து இல்லை. சமதரையில் பார்சல் ஓட்டுகிறவன் மாட்டுகிற ஆக்சில். தேனி ரோட்டில் நான் மெச்சிய அந்த அமைதி இதுதான். மலைக்குப் போகிற வண்டியைத் தரையில் ஓட்டிப் பார்த்து, எது கோளாறோ அதையே புகழ்ந்து, கை வைத்தேன். முப்பத்தெட்டு வருட டிரைவர். காது உள்ளவன்.

எழுதிய பிறகு வாயால் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மாப்பிள்ளை வாசலில் வண்டியின் நசுங்கிய தகரத்தைச் சுத்தியலால் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ள, வண்டிக்குப் பின்னாடி மூணேமுக்கால்."

அவர் நிமிரவில்லை. "தெரியும் மாமா."

"எப்பருந்து?"

"எடுத்துட்டு வந்த மறுநாள். கழுவும்போது ஆக்சில்ல தகடு இருந்துச்சு. பல்லு நாப்பத்தொண்ணுக்குப் பதினொண்ணு. ஒர்க்‌ஷாப்ல கேட்டேன். மலைக்கு ஆகாதுன்னாங்க."

எழுத்து தெரியும் முன்பே எனக்கு எண் தெரியும். குனிந்துதான் பார்க்கவில்லை.

"ஏன்யா சொல்லல?"

"நாலு பேரு முன்னாடி கை வச்சுச் சொன்னீங்க. அத நான் எந்திரிச்சு இல்லேன்னு சொல்லவா? ஓட்டிப் பழகிட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன்." சுத்தியலைக் கீழே வைத்தார். "நீங்க எப்பப் பாத்தீங்க?"

"போன ஞாயித்துக்கெழம."

அவர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கும் வெள்ளிக்கும் நடுவே எத்தனை நாள் என்று விரல் விடாமலே போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பேச்சி கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. செல்வமணிக்குத் தெரியாது" என்றாள். உள்ளே போய்விட்டாள். மதியம் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டாள்.

அப்புறம் ஒன்று எழுத வேண்டும். மூன்றே முக்காலை வைத்துக்கொண்டு பதினோரு பெண்களை மூன்று வாரம் அந்த மலையில் ஏற்றியிருக்கிறார். மதியம் உரம் வேறு. என்னால் முடிந்திருக்காது. அடிவாரத்திலேயே கிளட்சை எரித்திருப்பேன். இதை எழுதியது நான்தான். அடித்துத் திருத்த மாட்டேன்.

ஜூன் 22, திங்கள்

சுருளியாண்டி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையும் நானும், பஸ்ஸில், தனித்தனி சீட்டில்.

சண்டை போடத்தான் போனேன். அவன் பல் குத்திக்கொண்டே, "நீ கேக்கவே இல்லியே மச்சான்" என்றான். "மதுரைக்குப் பார்சல் ஓட்டுனேன், டீசலுக்காக மாத்துனேன். கேட்டா சொல்லிருப்பேன். நீ கையைத் தூக்கிக்கிட்டு வந்துட்ட. உன் கையத் தட்டிவிடச் சொல்றியா?"

இவனோடு நாற்பது வருடம் டீ குடித்திருக்கிறேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வண்டியின் பழைய கிரவுன் பினியன், அதுதான் அந்தப் பெரிய பல்லும் சின்னப் பல்லும், கொட்டகையில் கிடந்தது. மேலே கோழி அடைகாத்தது. கோழியைத் தூக்கிவிட்டுப் பல்லை எண்ணினேன். பெரியது நாற்பத்தொன்று, சின்னது எட்டு. ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. துரு இல்லை. கோழி நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுருளியாண்டியைவிடப் பொறுப்பு.

ஜூன் 24, புதன்

இரண்டு நாளாக மாட்டினோம். புதுக் கிளட்ச் தட்டும் போட்டோம். நான் சொன்னேன், அவர் கையேட்டைப் படித்தார். சில இடத்தில் கையேடு சரி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை நான் முப்பத்தெட்டு வருடமாகக் கொஞ்சம் தப்பாகச் செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. கையேட்டை நானும் வாங்கிப் பார்த்தேன். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஜூன் 26, வெள்ளி

வண்டியைச் சரி பண்ணியாயிற்று என்று மாப்பிள்ளை போய்ச் சொன்னதும், தோட்டத்து மேனேஜர் ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். பெண்கள் ஏறினால்தான். மூக்காயியிடம் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு மரியாதை பண்ணிக்கிட்டீக. உருண்டது நாங்க" என்றாள்.

என் எழுபது வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு சுருக்கமாகத் திட்டியதில்லை.

ஏறுகிறோம், ஆனால் நீங்கள் முன்சீட்டில் உட்காரக் கூடாது, எங்களோடு பின்னால், கடைசிக் கதவோரம் உட்கார வேண்டும் என்றாள். உருண்டால் முதலில் நான். நியாயம்தான்.

பத்துப் பெண்கள் வந்தார்கள். செல்வமணி கட்டுப்போட்ட கையோடு வீட்டில் இருக்கிறாள். கதவோரம் உட்கார்ந்தேன். மழைத்தூறல். அடிவாரத்தில் கியர் மாறும் சத்தம் கேட்டது. இரண்டாம் கியர். நான் கம்பியைப் பிடித்தேன். வண்டி இழுத்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. சமதரையில் இந்த வண்டி இப்போது மாடு மாதிரி கத்துகிறது. மலையில் முனகலே இல்லை. உருண்ட இடம் வந்தபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வேண்டுமென்றே அங்கே நிறுத்தினார். மறுபடி எடுத்தார். ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை.

மூக்காயி வெற்றிலையை எடுத்து மடித்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

தோட்டத்து கேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பால்சாமி வண்டிகளுக்கு ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்கிறார். மேஜையில் விரித்து இருந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை, நானே படித்தேன். ஜூன் 8, வண்டி நின்றது, காரணம்: ஓட்டுநர் தப்பு. ஜூன் 19, வண்டி உருண்டது, காரணம்: ஓட்டுநர் தப்பு.

இது தப்பு என்றேன். பால்சாமி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வண்டிக் கோளாறுன்னா, சரி பண்ணிட்டா ஓட்டம் அவருக்கே. ஓட்டுநர் தப்புன்னா மேனேஜர் விட மாட்டாரு. ஆனா வாயால சொன்னா ஆகாது பெருசு. பொறுப்புள்ள ஆளு யாராச்சும் இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும்." சொல்லிக்கொண்டே கைநாட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

பேனா கொடுங்கள் என்றேன்.

நின்றபடியே எழுதினேன். மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஜீப்புகள் சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். முப்பத்தெட்டு வருடம் நானும் அடித்தவன்தான்.

எழுதியது இது. "இரண்டு நாளும் ஓட்டுநர் தப்பு இல்லை. பின் ஆக்சில் பல் மலைக்கு ஆகாதது. இப்போது மாற்றியாகிவிட்டது. இந்த வண்டியை எடுக்கலாம் என்று சொன்னவன் நான். கோளாறு தெரிந்த பிறகும் ஐந்து நாள் சொல்லாமல் இருந்தவன் நான்."

மாப்பிள்ளைக்கும் தெரியும் என்பதை எழுதவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேனா என் கையில் இருந்தது.

"சீக்கிரம் பெருசு, வண்டிக நிக்குதுல்ல" என்றார் பால்சாமி. கீழே என் பெயரை எழுதினேன். நாலு எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளியும் வைத்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.